பட்டியலில் இல்லாத பேரன்: ஒரு வீட்டில் குழந்தைகளுக்கான காசநோய்த் தடுப்பு

இது எங்கள் புறநோயாளர் பிரிவில் பார்த்த ஒரு குடும்பத்தின் பதிவு. பாட்டிக்கு நோய் உறுதியான நாளை ‘நாள் 0’ என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து எண்ணி எழுதுகிறேன். நாங்கள் சரியாகச் செய்தவை சில, தவறவிட்டவையும் உண்டு. தவறவிட்டதுதான் எழுதக் காரணம் என்பதால் அந்தப் பகுதி சற்று நீளமாக இருக்கும்.

பின்னணி

பாட்டிக்கு வயது 58. மூன்று மாதமாக இருமல். தூசி, குளிர், வயசு என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லி நாள் தள்ளிப்போயிருக்கிறது. இடையில் இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறார். உடம்பு இளைத்து, சேலை தளர்ந்தபோதுதான் சளியைப் பரிசோதித்தார்கள். நுண்ணோக்கியில் கிருமிகள் தெளிவாகவே தெரிந்தன. முடிவுச் சீட்டில் கிருமியின் அளவு ‘2+’ என்று இருந்தது. கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறுப் பரிசோதனையும் காசநோயை உறுதி செய்தது. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை.

குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த முடிவுச் சீட்டில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்குச் சளியில் கிருமி இருக்கிறது என்றால், அந்த அறையின் காற்றில் மூன்று மாதமாகக் கிருமி மிதந்திருக்கிறது. கிருமி ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிறது என்றால், குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பு மருந்தையே கொடுக்கலாம். கட்டுப்படாத வகையாக இருந்திருந்தால் மருந்தே வேறு. உலக சுகாதார நிறுவனம் 2024 முதல் அத்தகைய வீடுகளுக்கு 6 மாத லெவோஃப்ளாக்சசினைப் பரிந்துரைக்கிறது. எனவே, குழந்தையின் மருந்துச் சீட்டை எழுதும்முன் பெரியவரின் சளி முடிவைப் பார்த்தாக வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்கு, காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்துப் பதிவுகள் பதில் சொல்கின்றன. ஒரு வயதுக்குள் கிருமி தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது நோயாக முற்றியது. அவர்களில் கணிசமானோருக்கு மூளைக்காய்ச்சலாகவோ, உடல் முழுதும் பரவும் வகையாகவோ வந்தது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் தொற்றியவர்களில் 20 முதல் 30 சதவீதம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் சுமார் 5 சதவீதம். நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றிய ஓராண்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பி.சி.ஜி. தடுப்பூசி அந்தக் கொடிய வகைகளை நன்றாகக் குறைக்கிறது. ஆனால் தொற்றையே நிறுத்திவிடாது. இந்த வீட்டுக் குழந்தைகள் எல்லோர் தோளிலும் பி.சி.ஜி. தழும்பு இருந்தது.

நாள் 4: வீட்டுக்குப் போனது

பாட்டிக்கு மறுநாளே சிகிச்சை தொடங்கியாயிற்று. நான்காம் நாள் எங்கள் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போனார். படிவத்தில் உள்ள கேள்வி: “இந்த வீட்டில் வசிப்பவர்கள் யார் யார்?” பாட்டி உள்ளறையில் படுத்திருந்தார். மருமகள் வாசலில் நின்றே பதில் சொன்னார். மகன், மருமகள், 7 வயதுப் பேத்தி, 3 வயதுப் பேரன், 8 மாதக் கைக்குழந்தை என்று ஐந்து பெயர்கள். கைக்குழந்தை தினமும் பாட்டி பக்கத்தில்தான் தூங்கியிருக்கிறது.

பணியாளர் கேட்க வேண்டியதைக் கேட்டார், கேட்டதை அப்படியே எழுதினார். படிவத்தின்படி எந்தக் குறையும் இல்லை.

வீட்டில் அதற்குள் பல மாற்றங்கள் நடந்திருந்தன. பாட்டிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பிள்ளைகள் கிட்டே வந்தால் அவரே விரட்டிவிடுகிறார். காசநோய் காற்றில் பரவுவது. தட்டிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. சில வாரங்களுக்குத் தனியே தூங்குவது, முகக்கவசம் போட்டுக்கொள்வது, சன்னல்களைத் திறந்து வைப்பது போதும் என்று பணியாளர் விளக்கினார். சரியான மருந்து தொடங்கியதும் பரவும் தன்மை வேகமாகக் குறையும். தட்டைப் பிரித்தவர்கள் சன்னலைத் திறக்கவில்லை என்பதையும் அவர் குறித்து வந்தார்.

நாள் 6: மூன்று குழந்தைகள்

அப்பா அம்மாவோடு மூன்று குழந்தைகளும் வந்தார்கள். அப்பாவின் முதல் கேள்வி: “டாக்டர், அம்மாவைத் தனியா படுக்க வச்சுட்டோம். பாப்பாவை அவங்ககிட்ட விடறதே இல்ல. அப்புறம் மருந்து எதுக்கு?”

நியாயமான கேள்வி. இனிமேல் வரக்கூடியதை அவர் தடுத்துவிட்டார். எங்கள் கவலை கடந்த மூன்று மாதத்தைப் பற்றியது. உள்ளே போன கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் உறங்கிக் கிடக்கலாம். குழந்தை ஓடியாடி விளையாடும். அது விழித்துக்கொள்ளும்முன் அழிப்பதற்குத்தான் தடுப்பு மருந்து. இதைச் சொன்னபோது தலையாட்டினார். புரிந்துதான் ஆட்டினாரா என்பது மருந்து தொடங்கிய பிறகு மூன்றாம் வாரத்தில் தெரிந்தது.

7 வயதுப் பேத்திக்கு இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. எடை 21 கிலோ. 3 வயதுப் பேரனும் அப்படியே. எடை 13 கிலோ. இருவரும் சுறுசுறுப்பாக இருந்தார்கள். கிருமி தொற்றியிருக்கிறதா என்று காட்டும் மாண்டூ ஊசியை மூவருக்கும் தோலில் போட்டு, மூன்றாம் நாள் தடிப்பை அளந்தோம். பேத்திக்கு 14 மி.மீ., பேரனுக்கு 12 மி.மீ. 10 மி.மீ. இருந்தாலே தொற்று என்று கொள்வது வழக்கம். இருவருக்கும் அன்றே, நாள் 9இல், மருந்து தொடங்கினோம். பேரன் விஷயத்தில் அந்த மூன்று நாள் காத்திருப்பு வீண். வீட்டில் தொற்றுக்கு ஆளான ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நோய் இல்லை என்று தெரிந்தால் போதும், மாண்டூ பார்க்காமலே மருந்து கொடுக்கலாம் என்பது பல ஆண்டுகளாக உள்ள பரிந்துரை. பழக்கதோஷத்தால் பார்த்தோம்.

கைக்குழந்தைதான் எங்களை யோசிக்க வைத்தது. எடை 7.1 கிலோ. நான்கு நாளாக இருமல், மூக்கொழுகல். மாண்டூவில் தடிப்பே இல்லை. தடிப்பு இல்லாததை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. தொற்றிய பிறகு அந்தச் சோதனை மாறுவதற்கு எட்டு வாரம் வரைகூட ஆகலாம். கைக்குழந்தைகளின் உடல் அதற்குச் சரியாக எதிர்வினை காட்டுவதும் இல்லை. இருமலை அப்படி ஒதுக்க முடியாது. தடுப்புக்குத் தருவது இரண்டு மருந்து. உள்ளே நோயே இருந்து, அதற்கு இது மட்டும் போனால், நோய் அரைகுறையாக அடங்கும்; மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் தலைதூக்கவும் வழி உண்டு.

முன்புறமும் பக்கவாட்டிலும் எடுத்த மார்பு எக்ஸ்ரேக்கள் தெளிவாக இருந்தன. மல மாதிரியில் செய்த மூலக்கூறுப் பரிசோதனையில் கிருமி இல்லை. குழந்தைகளுக்குக் கிருமி குறைவாகவே இருக்கும் என்பதால், ‘இல்லை’ என்ற முடிவை மட்டும் நம்பிவிட முடியாது. எங்களுக்குத் தெம்பு கொடுத்தது வளர்ச்சி அட்டை. எடைக்கோடு எங்கும் படுக்காமல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். சக மருத்துவர் ஒருவர் உடன்படவில்லை. எக்ஸ்ரே தெளிவாக இருக்கும்போது எட்டு மாதக் குழந்தையை ஒரு வாரம் வெறுமனே விடுவதா என்றார். நாள் 14இல் இருமல் போயிருந்தது, எடையும் ஏறியிருந்தது. அன்றே தொடங்கினோம். அந்த ஒரு வாரத்தை இன்றும் நான் சரி என்றே நினைக்கிறேன். அவர் இன்றும் இல்லை என்கிறார்.

எந்த மருந்து, ஏன்

கையில் இருந்த வழிகள் மூன்று: 6 மாதம் தினமும் ஐசோனியாசிட், 3 மாதம் தினமும் ஐசோனியாசிட்டும் ரிஃபாம்பிசினும், 3 மாதம் வாரம் ஒருமுறை ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும். கடைசியது வசதியானது, மொத்தமே 12 வேளைதான். ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கிடையாது. ஒரே வீட்டில் ஒருவருக்குத் தினமும், இன்னொருவருக்கு வாரம் ஒருமுறை என்று கொடுத்தால் அம்மாவுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் மூவருக்கும் 3 மாத இரட்டை மருந்து.

பழ வாசனையோடு தண்ணீரில் கரையும் கூட்டு மாத்திரைகள் வந்தபிறகு இது எவ்வளவோ எளிது. பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்து, பொடித்து, குத்துமதிப்பாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாத்திரையிலும் ரிஃபாம்பிசின் 75 மி.கி., ஐசோனியாசிட் 50 மி.கி. எடைக்கு ஏற்பக் கைக்குழந்தைக்கு 1, பேரனுக்கு 3, பேத்திக்கு 4. கைக்குழந்தைக்கு வைட்டமின் பி6 சேர்த்தோம். அம்மாவுக்கும் தடுப்பு மருந்து கொடுத்தோம். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. அப்பாவின் எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. தனக்கு மருந்து வேண்டாம் என்றார், வற்புறுத்தவில்லை.

நாள் 33: நின்றுபோன மருந்து

கைக்குழந்தைக்கு மருந்து தொடங்கிய மூன்றாம் வாரம் வழக்கம்போலத் தொலைபேசியில் விசாரித்தோம். எல்லோரும் மருந்து சாப்பிடுகிறார்கள் என்றார் அம்மா. மீதம் எத்தனை மாத்திரை இருக்கிறது, எண்ணிச் சொல்ல முடியுமா என்று பணியாளர் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் உண்மையைச் சொன்னார். கைக்குழந்தைக்கு ஒன்பது நாளாகக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் குழந்தை மருந்தைக் கக்கிவிட்டது. மறுநாள் இடுப்புத் துணியில் செம்மஞ்சள் கறை. சிறுநீர் நிறம் மாறும் என்று நாங்கள் சொல்லியிருந்தோம், அதுவும் பெரிய பிள்ளைகளைப் பார்த்து. வெள்ளைத் துணியில் அந்தக் கறை தாய்க்கு இரத்தம் போலத் தெரியும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதே வாரம் பார்க்க வந்த உறவினர், “நல்லா இருக்கிற குழந்தைக்கு எதுக்கு இவ்வளவு மருந்து?” என்று கேட்டிருக்கிறார். கறையும் கேள்வியும் சேர்ந்து மருந்தை நிறுத்திவிட்டன.

நோயாளிக் குழந்தைக்கு மருந்து கொடுப்பதும் நல்ல குழந்தைக்கு மருந்து கொடுப்பதும் ஒன்றல்ல. முன்னதில் காய்ச்சல் குறைவது, பசி எடுப்பது என்று தினமும் ஏதாவது பலன் கண்ணில் படும். இதில் பலன் என்பது எதுவும் நடக்காமல் இருப்பது. தொந்தரவு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அம்மா மறைத்ததற்காக யாரும் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் வரச் சொல்லி, கண்ணில் மஞ்சள் இருக்கிறதா, கல்லீரல் வீங்கியிருக்கிறதா, புதிதாக இருமல் காய்ச்சல் உண்டா என்று பார்த்தோம். எதுவும் இல்லை. விட்டுப்போனது இரண்டு வாரத்துக்கும் குறைவு என்பதால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்து மொத்தம் 84 வேளையை முடித்தால் சரி. மருந்து கொடுத்த அரை மணி நேரத்துக்குள் கக்கினால் திரும்பக் கொடுக்கச் சொன்னோம். ஒரு வெள்ளைத் துணியில் கரைத்த மருந்தைச் சில சொட்டு விட்டுக் காட்டியபோது, அம்மா சிரித்தே விட்டார்.

நாள் 56: பட்டியலில் இல்லாத குழந்தை

இரண்டு மாதச் சிகிச்சை முடிந்து, மறு சளிப் பரிசோதனைக்குப் பாட்டி வந்தார். கூடவே அவர் மகள், இடுப்பில் 22 மாதக் குழந்தை. பாட்டி தன்னைப் பற்றிப் பேசவே இல்லை. “என்னைய விடுங்க டாக்டர், இவனைப் பாருங்க. முன்ன மாதிரி விளையாடறதே இல்ல.”

மகள் வயிற்றுப் பேரன். மகள் வேறு வீட்டில் இருக்கிறார், வேலைக்குப் போகிறார். வாரத்தில் ஐந்து நாள் காலையில் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, மாலையில் வந்து தூக்கிக்கொண்டு போவார். பாட்டிக்கு நோய் என்று தெரிந்த அன்றே குழந்தையை விடுவதை நிறுத்திவிட்டார். அதனால்தான் நான்காம் நாள் போன பணியாளர் கண்ணில் அவன் படவில்லை. ‘வசிப்பவர்கள் யார்’ என்று கேட்டதால் மருமகள் வாயிலும் அவன் பெயர் வரவில்லை. இரவில் உறங்கும் வீடு வேறாக இருந்தாலும், பகல் முழுக்கப் பாட்டி இருமிய அதே அறையில்தான் இருந்திருக்கிறான்.

மூன்று வாரமாக மாலையில் இலேசான காய்ச்சல், விட்டு விட்டு இருமல். மகள் வேறு இடத்தில் இரண்டு முறை காட்டியிருக்கிறார். தாய்க்குக் காசநோய் என்பதை அங்கே சொல்லவில்லை, கூச்சம். யாரும் கேட்கவும் இல்லை. இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வளர்ச்சி அட்டையில் நான்கு மாதம் முன்பு 10.3 கிலோ. அன்று 10.0. இந்த வயதில் எடை ஏறாததே எச்சரிக்கை. இறங்கினால் யோசிக்கவே வேண்டாம். மாண்டூ 15 மி.மீ. எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் வேர்ப்பகுதி நிணநீர்க் கணுக்கள் பெருத்திருந்தன. மூச்சுக்குழாய் அமுங்கவில்லை, நுரையீரலில் குழி இல்லை. மல மாதிரியில் கிருமி அகப்படவில்லை. தூக்கக் கலக்கம், ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு, புதிய எரிச்சல் குணம் என மூளைக்காய்ச்சலின் அறிகுறிகளை ஒன்றுவிடாமல் பார்த்தோம். ஒன்றும் இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே இதைப் பார்க்கும்வரை எனக்கு மூச்சு சீராவதில்லை.

கிருமி நிரூபணமாகவில்லை என்று காத்திருந்திருக்கலாம். நாங்கள் காத்திருக்கவில்லை. மூன்று மாத நெருங்கிய தொடர்பு, எடை இறக்கம், எக்ஸ்ரே மாற்றம் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின. கடுமையற்ற வகை என்பதால் 4 மாதச் சிகிச்சை: முதல் இரண்டு மாதம் அதே இரட்டை மருந்தோடு பைராசினமைடு என்ற மருந்தும் சேர்த்து, அடுத்த இரண்டு மாதம் இரட்டை மருந்து மட்டும். முன்பு எல்லாக் குழந்தைக்கும் 6 மாதமாக இருந்ததை, 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் இந்த வகைக்கு நான்காகக் குறைக்கச் சொல்கிறது.

அன்று பாட்டியிடம், இவனைப் பற்றி முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “என்கிட்ட யாரும் கேக்கலையே” என்றார். படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். நோயாளியிடம் கேட்க அதில் ஒரு கேள்விகூட இல்லை.

பின் நடந்தவை

மகள் வயிற்றுப் பேரனுக்கு இரண்டு வாரத்தில் காய்ச்சல் நின்றது. நான்காம் மாத முடிவில் எடை 11.7 கிலோ, கணுக்கள் நன்றாகச் சுருங்கியிருந்தன. அவனுடைய அப்பா அம்மாவையும் பரிசோதித்தோம், நோய் இல்லை.

பெரிய பிள்ளைகள் இருவரும் ஒரு வேளைகூட விடாமல் மருந்தை முடித்தார்கள். கைக்குழந்தை நாள் 107இல் 84ஆவது வேளையை முடித்தது. நடுவில் இன்னொரு தவறு நடக்க இருந்தது. பத்தாம் வாரம் குழந்தை 8 கிலோவைத் தொட்டுவிட்டது. அந்த எடைக்கு 2 மாத்திரை. பழைய சீட்டிலேயே நாங்கள் மீண்டும் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருந்தோம். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தவர் எடையைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார். யாருக்கும் மஞ்சள் காமாலையோ வேறு பக்கவிளைவோ வரவில்லை. பாட்டி 6 மாதச் சிகிச்சையை முடித்து நலமாக இருக்கிறார்.

மாற்றியவை, மாற்றாதவை

படிவத்தின் கேள்வியை மாற்றினோம். “கடந்த மூன்று மாதத்தில், பகலிலோ இரவிலோ, உங்களோடு ஒரே அறையில் அடிக்கடி இருந்த குழந்தைகள் யார்?” இதை நோயாளியிடமே கேட்க வேண்டும், வாசலில் நிற்பவரிடம் கேட்டால் போதாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் கேட்கிறோம். முதல் வாரத்தில் அதிர்ச்சியும் கூச்சமும் இருப்பதால் சில பெயர்கள் பின்னால்தான் வருகின்றன. இரண்டாம் முறை கேட்கத் தொடங்கிய பிறகு, பக்கத்து வீட்டுக் குழந்தை, பாடம் படிக்க வரும் குழந்தை என்று வேறு வீடுகளிலும் பெயர்கள் சேர்ந்தன.

நான்காம் நாளே பட்டியலில் இருந்திருந்தால் இந்தப் பையனுக்கு நோய் வந்திருக்காதா? உறுதியாகச் சொல்ல முடியாது. எடை நின்றது எப்போது என்று பார்த்தால், அப்போதே நோய் தொடங்கியிருக்கலாம். ஏழு வாரம் முன்னதாகக் கண்டுபிடித்திருப்போம் என்பது மட்டும் நிச்சயம். இந்த வயதில் ஏழு வாரம் பெரிய அவகாசம். பட்டியலில் பெயர் விடுபடுவது எங்களோடு நிற்பதும் இல்லை. 2018 ஐ.நா. உயர்நிலைக் கூட்டத்தில், 2022க்குள் ஐந்து வயதுக்குட்பட்ட 40 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து என்று இலக்கு வைத்தார்கள். பாதியைச் சற்றே தாண்ட முடிந்தது.

தொலைபேசி விசாரணையை மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் நாளுக்குக் கொண்டுவந்தோம். “சாப்பிடுகிறார்களா?” என்று கேட்பதில்லை, “மீதம் எத்தனை இருக்கிறது?” என்று கேட்கிறோம். துணியில் கறையைக் காட்டுவது மருந்து கொடுக்கும் முதல் நாளின் வேலையாகிவிட்டது. மாதாமாதம் எடை பார்க்காமல் அடுத்த மாத மருந்து கிடையாது. ஐந்து வயதுக்குட்பட்ட, அறிகுறி இல்லாத குழந்தைக்கு மாண்டூவுக்காகக் காத்திருப்பதை விட்டோம்.

இருமல் உள்ள கைக்குழந்தைக்கு ஒரு வாரம் பொறுப்பதை மாற்றவில்லை. ஆனால் அந்த வாரத்துக்கு ஒரு கடைசி நாளைச் சீட்டிலேயே எழுதிவிடுகிறோம். ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று தொடங்கி ஒரு மாதம் ஓடிப்போன குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன்.

இதை எழுதும்போது நாள் 0 முடிந்து 14 மாதம். நான்கு குழந்தைகளும் நலம். அடுத்த பரிசோதனை 18ஆம் மாதம். இரண்டாண்டு முடியும்வரை நால்வரின் எடையையும் பார்ப்பதாக ஏற்பாடு.